சருகுமானும் திமிங்கிலமும்

1974இல் சிங்கப்பூர் தன்னுடைய திமிங்கிலத்தை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டது. விற்கவில்லை, இரவலாகவும் தரவில்லை. அன்பளிப்பு. ஸ்டாம்ஃபர்ட் ரோட்டு அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து 67 ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த 42 அடி எலும்புக்கூடு அது. அந்தக் கட்டடத்தில் இனி விலங்குகளுக்கு இடமில்லை என்று முடிவானபோது, பாடம் செய்த பறவைகளையும் புட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த பாம்புகளையும் எங்காவது ஓர் அறையில் அடுக்கிவைக்க முடிந்தது. திமிங்கிலத்தை எங்கே அடுக்குவது? கோலாலம்பூரின் நெகாரா அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. பிறகு அங்கிருந்தும் கிளம்பிக் கடல் தாண்டி, இப்போது லாபுவான் தீவின் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் பெரியம்மாவுக்கு அந்தத் திமிங்கிலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அறுபதுகளில் அவர் பள்ளிச் சிறுமி. "தலைய நிமிந்து பாத்துக்கிட்டே நடப்போம். எங்க மேல விழுந்துடுமோன்னு பயமா இருக்கும். எம்மாம் பெரிய மீனு! மீன் எலும்புன்னுதான் அப்ப நெனச்சோம்" என்பார். கடைசி வரியைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கத்தோடு சிரிப்பார்.

அவர் வெட்கப்பட வேண்டியதே இல்லை. தமிழின் 'திமிங்கிலம்' வடமொழியிலிருந்து வந்த சொல். 'திமி' என்பது ஒரு பெருமீன். அந்தத் திமியையே விழுங்குவது திமிங்கிலம். மலாயில் 'இக்கான் பாவுஸ்'. இக்கான் என்றால் மீன். மொழிகளே மீன் என்று சொல்லும்போது ஒரு பள்ளிச் சிறுமி வேறென்ன நினைப்பாள்? அது மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். 1758இல் லின்னேயஸ் திமிங்கிலத்தைப் பாலூட்டிகளின் பட்டியலில் சேர்த்தார். ஆனாலும் 1818இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மீன் எண்ணெய்க்கு உரிய பரிசோதனைக் கட்டணம் திமிங்கில எண்ணெய்க்கும் பொருந்துமா என்பது கேள்வி. அறிஞர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜூரிகள் சொன்ன தீர்ப்பு: திமிங்கிலம் மீன்தான்.

சில ஆண்டுகளாக நம் வட்டார அருங்காட்சியகங்களின் வரலாற்றைத் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசிப்பில் இந்த எலும்புக்கூடு திரும்பத் திரும்பக் குறுக்கே வந்தது. ஒரு நிறுவனத்தின் கதைக்குள் இருக்கும் சுவையான துணுக்கு என்றுதான் முதலில் குறித்துவைத்தேன். பிறகு அதன் உடலையே ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க ஆரம்பித்தபோது, இதுவரை வாசித்த அத்தனை ஆவணங்களும் அதன் முன்னால் சின்னதாகிவிட்டன.

*

மனிதர்கள் எழுதிவைத்த பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1892 ஜூன் மாதம். மலாக்காவுக்குத் தெற்கே செபாத்து என்னும் கரையோரக் கிராமம். ஒரு திமிங்கிலம் உயிரோடு கரையொதுங்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் உயிரோடு கிடந்து பிறகு செத்தது.

மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் மூச்சுவிட முடியாமல் சாகிறது. திமிங்கிலத்தின் சாவு வேறு மாதிரி. அதற்கு நுரையீரல் இருக்கிறது, சுற்றிலும் காற்று இருக்கிறது, மூச்சும் ஓடுகிறது. ஆனால் நீரில் மிதந்தே பழகிய உடலின் எடையை முதன்முறையாக அதன் எலும்புகளே தாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாரம் நுரையீரலையும் தசைகளையும் நசுக்குகிறது. குளிர்ந்த ஆழத்தில் சூட்டைக் காப்பாற்றித் தந்த கொழுப்புப் படலம் வெயிலில் கம்பளிப் போர்வையாகிவிடுகிறது. உடல் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தன் மூதாதை நடந்து திரிந்த நிலத்துக்கு வந்து, நிலத்தின் எடையைத் தாங்க முடியாமல் அது சாகிறது.

அப்போது மலாக்காவின் ரெசிடென்ட் கவுன்சிலராக இருந்தவர் ஹெர்வி. அவர் எலும்புகளைச் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அத்தனை பெரிய உருவத்தை நிறுத்த இடமில்லை. 15 ஆண்டுகள் எலும்புகள் கிடப்பில் கிடந்தன. 1907இல் கட்டடத்தை விரித்துக் கட்டிய பிறகுதான், ஹானிட்ஷ் என்ற ஜெர்மானியர் பொறுப்பில் இருந்த காலத்தில், அவற்றுக்குக் கூரை கிடைத்தது. இடையில் சில எலும்புகள் காணாமல் போயிருந்தன. அவற்றைச் செயற்கையாகச் செய்து ஒட்டவைத்துத் தொங்கவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த அருங்காட்சியகம் என்றாலே திமிங்கிலம்தான். காலனி ஆட்சி, ஜப்பானியர் ஆட்சி, மறுபடியும் காலனி ஆட்சி, தன்னாட்சி, மலேசியாவோடு இணைப்பு, பிரிவு என்று கீழே எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. 1960இல் அருங்காட்சியகத்தின் பெயர்கூட மாறியது. திமிங்கிலம் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

*

இனி எலும்புகள் தாமே எழுதிவைத்திருக்கும் பகுதி. என் பெரியம்மா நிமிர்ந்து பார்த்துப் பயந்த அந்த உருவத்தில் என்னென்ன இருந்திருக்கும்?

முதலில் கை. திமிங்கிலத்தின் துடுப்புக்குள் மீனின் செதில்முட்கள் கிடையாது. மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டு, பிறகு விரல்கள். நம் கையில் இருக்கும் அதே வரிசை. நீலத்திமிங்கிலத்தின் குடும்பத்துக்கு நான்கு விரல், எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு ஐந்து. அவற்றையெல்லாம் ஒரு தோலுறைக்குள் போட்டுத் தைத்ததுபோல் இருக்கும். குளிருக்குப் போடுவார்களே, கட்டைவிரல் மட்டும் பிரிந்திருக்கும் கையுறை, அதில் அந்தக் கட்டைவிரலையும் சேர்த்துத் தைத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

அடுத்து வால். சந்தையில் ஒரு மீனை எடுத்துப் பாருங்கள், வால் செங்குத்தாக இருக்கும். மீன் இடவலமாக உடலை ஆட்டி நீந்தும். திமிங்கிலத்தின் வால் படுக்கைவாட்டில் இருக்கும். முதுகெலும்பு மேலும் கீழுமாக வளைந்து நீந்தும். குதிரையோ நாயோ நான்கு கால் பாய்ச்சலில் ஓடுவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முதுகு இப்படித்தான் வளைந்து நிமிரும். ஓட்டத்துக்கு உண்டான முதுகு அது. கால்கள் போன பிறகும் முதுகு ஓட்டத்தை மறக்கவில்லை.

மூன்றாவது, இடுப்பு. வால் பக்கம் முதுகெலும்புக்குக் கீழே, எதனோடும் ஒட்டாமல் இரண்டு சிறிய எலும்புகள். இடுப்பெலும்பின் மிச்சம் அது. 'பயனற்ற மிச்சம்' என்று பாடப்புத்தகங்கள் எழுதின. அது முழு உண்மையில்லை. இனப்பெருக்க உறுப்புகளை இயக்கும் தசைகள் அந்த எலும்புகளில்தான் பிடித்திருக்கின்றன. கால்களைத் தாங்கும் வேலை போன பிறகும் இன்னொரு வேலை இருந்ததால் அந்த எலும்பு பிழைத்திருக்கிறது.

கருவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டால்ஃபின் கருவில் முதல் சில வாரங்களில் பின்னங்கால் மொட்டுகள் இரண்டு முளைத்து, பிறகு வளராமல் கரைந்துபோகும். பல்லே இல்லாத, வாயில் சல்லடைத் தகடுகள் மட்டுமே உள்ள திமிங்கிலங்களின் கருவில் பல் மொட்டுகள் தோன்றி மறையும். எப்போதாவது அந்த மறைதல் தவறிவிடும். 2006இல் ஜப்பானின் தைஜி அருகே பிடிபட்ட ஒரு டால்ஃபினுக்கு, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவில் கூடுதலாக இரண்டு துடுப்புகள் இருந்தன.

டார்வினுக்கு இதில் சந்தேகமே இல்லை. நிலவிலங்கு ஒன்றுதான் கடலுக்குப் போயிருக்க வேண்டும். எந்த விலங்கு என்பதுதான் கேள்வி. 1859இல் வெளியான தன் நூலில், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் ஒரு கரடியைக் காட்டி, இப்படி ஒரு உயிர் காலப்போக்கில் திமிங்கிலம் போன்ற ஒன்றாக மாறுவதில் தனக்குச் சிரமம் தெரியவில்லை என்று எழுதினார். கேலி செய்தே கொன்றார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். விலங்கின் பெயரில்தான் பிசகு, வழி சரி.

*

அந்த விலங்கைத் தேடிப் போனவர்களுக்கு விடை கிடைத்த இடம் நம் துணைக்கண்டம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை.

ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதிக்கொண்டிருந்தது. இடையில் டெத்திஸ் என்ற பழங்கடல் சுருங்கிச் சுருங்கி ஆழமற்ற வெதுவெதுப்பான நீர்ப்பரப்பாகிக்கொண்டிருந்தது. இன்று பாகிஸ்தான், காஷ்மீர், கச்சு என்று நாம் அழைக்கும் நிலங்கள் அதன் கரைகள். திமிங்கிலங்களின் பிறந்த ஊர் அதுதான்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் ஃபிலிப் கிங்ரிச், பாகிஸ்தானில் கிடைத்த ஒரு மண்டையோட்டைப் பற்றி எழுதினார். ஓநாய் அளவுள்ள விலங்கு. வெளிப்பார்வைக்குத் திமிங்கிலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நடுச்செவியை மூடியிருக்கும் எலும்புக் கிண்ணத்தின் உட்சுவர் அசாதாரணமாகத் தடித்திருந்தது. உயிரோடிருக்கும் விலங்குகளில் அப்படிப்பட்ட செவி திமிங்கிலங்களுக்கும் டால்ஃபின்களுக்கும் மட்டுமே உண்டு. அதற்குப் பாக்கிசீட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் முழுமையான எலும்புகள் கிடைத்தபோது, நீண்ட கால்களோடு கரையிலும் ஆழமற்ற நீரிலும் நடந்து திரிந்த விலங்கு என்று தெரிந்தது. 1994இல் ஹான்ஸ் தெவிஸ்ஸன் இன்னொன்றை அறிமுகப்படுத்தினார். ஆம்புலோசீட்டஸ், அதாவது நடக்கும் திமிங்கிலம். முதலையைப் போல் நீரில் பதுங்கிக் கிடந்து இரை பிடித்திருக்கும் என்கிறார்கள். பிறகு எகிப்துப் பாலைவனத்தின் 'திமிங்கிலப் பள்ளத்தாக்கில்' கிடைத்த பாசிலோசாரஸ். 50 அடிக்கு மேல் நீளமான, முழுக்கக் கடலிலேயே வாழ்ந்த உடல். அதில் சுமார் இரண்டடி நீளத்தில் இரண்டு குட்டிக் கால்கள். முழங்கால், கணுக்கால், விரல்கள் எல்லாம் உண்டு. நடக்கத்தான் முடியாது.

பாசிலோசாரஸ் என்றால் பல்லி அரசன் என்று பொருள். 1834இல் அமெரிக்காவில் அதன் எலும்புகளை முதலில் ஆராய்ந்தவர் அது ஊர்வன வகை என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதன் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். பல்லுக்கு இரண்டு வேர். ஊர்வனவற்றுக்கு அப்படி இருக்காது. இது பாலூட்டி என்றார். பெயர் சூட்டல் விதிப்படி முதல் பெயர்தான் நிலைக்கும் என்பதால் அந்தத் திமிங்கிலம் இன்றுவரை பல்லியின் பெயரோடுதான் இருக்கிறது. நம் 'இக்கான் பாவுஸ்' போலவே.

ஆனால் கடலுக்குள் இறங்குவதற்கு முன் அந்த வம்சம் எப்படி இருந்தது? இங்கேதான் ரங்கா ராவ் வருகிறார்.

இந்திய நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ், ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்தார். அவற்றில் சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் கண்டு, 1971இல் ஒரு சிறிய குளம்பு விலங்குக்கு இந்தோஹியஸ் என்று பெயரிட்டு எழுதினார். 'இந்தியப் பன்றி' என்பது பொருள். மிச்சப் பாறைகளை உடைக்கவே இல்லை. அவர் இறந்த பிறகும் அவை அப்படியே இருந்தன. அவருடைய மனைவி அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்து, கடைசியில் தெவிஸ்ஸனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் ஒரு மண்டையோட்டின் செவிப்பகுதியைக் கைதவறி உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் தெரிந்தது அந்தத் தடித்த உட்சுவர், திமிங்கிலத்தின் செவி.

2007இல் அந்த ஆய்வு வெளியானது. இந்தோஹியஸ் கிட்டத்தட்ட ஒரு பூனை அளவுதான் இருக்கும். மெல்லிய கால்கள், நுனியில் குளம்பு. ஆனால் கால் எலும்பின் புறச்சுவர் நிலவிலங்குகளுக்குத் தேவையில்லாத அளவுக்குத் தடிமன். நீர்யானையிலும் இதைப் பார்க்கலாம். நீருக்கடியில் நடக்கிற விலங்கு மிதந்துவிடாமல் இருக்க, எலும்பே நங்கூரக் கல்லாக இருக்கிறது. ஆக, இலைதழை தின்ற இந்தச் சின்னப் பிராணி நீரில் நிறைய நேரம் இருந்திருக்கிறது. ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் குதித்து ஒளிந்திருக்கும் என்று ஊகித்தார்கள். இது திமிங்கிலங்களின் நேர்ப் பாட்டன் இல்லை. பாக்கிசீட்டஸ் இதைவிடக் கொஞ்சம் முந்தியது. பாட்டனின் பங்காளி வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படிக் குதித்து ஒளியும் விலங்கு இன்று இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். சருகுமான். மலாயில் பெலாண்டோக், கஞ்சில். ஆப்பிரிக்கச் சருகுமான் பருந்தைக் கண்டால் ஓடைக்குள் பாய்ந்து நீரடியில் நடக்கும் என்பது முன்பே தெரியும். போர்னியோவிலும் இலங்கையிலும் ஆசியச் சருகுமான்களும் இதையே செய்வதை நேரில் பார்த்து 2009இல் எழுதினார்கள். துரத்தும் நாயிடமிருந்து தப்ப நீரில் மூழ்கி, மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கி, மறுபடி மூழ்கும்.

நாய், சருகுமான், நீர். நம் வட்டாரத்தில் படித்த எவருக்கும் இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டவுடன் ஒரு கதை நினைவுக்கு வரும். மரத்தடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பரமேஸ்வராவின் கண்ணெதிரே, துரத்தி வந்த வேட்டைநாயை ஒரு சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளியது. இத்தனை சின்ன உயிருக்கு இவ்வளவு துணிச்சலா என்று வியந்து, அந்த இடத்திலேயே நகரை அமைத்து, சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே அதற்கு வைத்தான். அதுதான் மலாக்கா. மாநிலச் சின்னத்தில் இன்றும் அந்த மரமும் இரண்டு சருகுமான்களும் இருக்கின்றன. கதையில் நாய்தான் தண்ணீரில் விழுகிறது. உண்மைச் சருகுமானாக இருந்திருந்தால் அதுவே குதித்திருக்கும். எப்படியோ, அந்த மலாக்கா கரையில்தான் 1892இல் திமிங்கிலமும் வந்து ஒதுங்கியது.

சருகுமானும் திமிங்கிலமும் தூரத்துச் சொந்தம் என்பது கதைக்காகச் சொல்வதில்லை. மாடு, ஆடு, மான், பன்றி, ஒட்டகம், சருகுமான், நீர்யானை எல்லாம் இரட்டைக் குளம்பு வம்சம். திமிங்கிலமும் அந்த வம்சம்தான். அதிலும் நீர்யானைதான் மிக நெருங்கிய உறவு என்று 1990களில் மரபணு ஆய்வுகள் காட்டின. எலும்புகளை நம்பும் ஆய்வாளர்கள் பலர் முதலில் ஏற்கவில்லை. இந்த வம்சத்துக்கு ஒரு முத்திரை உண்டு, கணுக்கால் எலும்பு. மேலும் கீழும் கப்பி போல் பள்ளம் விழுந்திருக்கும். ஆட்டின் கால் எலும்பை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உலகின் பல மூலைகளில் பிள்ளைகள் அதைத் தாயக்கட்டை போல் உருட்டி விளையாடியிருக்கிறார்கள். ஆதித் திமிங்கிலத்தின் கணுக்காலைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்பதுதான் சண்டை. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் கிடைத்த எலும்புகளோடு 2001இல் விடை வந்தது. இரண்டு பக்கமும் கப்பி. மரபணு ஆய்வை ஏற்காமலிருந்த கிங்ரிச்சே அந்த எலும்பை வெளியிட்டவர்களில் ஒருவர். தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

*

ரங்கா ராவின் பாறைகளை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். 30 ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டில் கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 'இந்தக் கல்லுங்கள வெச்சுக்கிட்டு என்ன பண்றது' என்று ஒரு நாள் யாராவது கேட்டு, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சிங்கப்பூரில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். புதிய நாடு, பிழைத்திருப்பதே பெரும்பாடு. அருங்காட்சியகம் இனி வரலாறு, கலை, மக்கள் பண்பாடு ஆகியவற்றுக்குத்தான் என்று முடிவானது. 1972இல் விலங்குச் சேகரிப்பு முழுவதும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடம் போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள். வைக்க இடமில்லை. முன்னாள் பிரிட்டிஷ் ராணுவக் கட்டடங்கள், நன்யாங் பல்கலைக்கழக வளாகம் என்று அலைந்து, 1980களின் பிற்பகுதியில் கென்ட் ரிட்ஜில் நிலைகொள்ளும் வரை அவை மூட்டை கட்டிக்கொண்டே இருந்தன. அந்த ஆண்டுகளில் அவற்றைக் காப்பாற்றியவர் யாங் சாங் மான் என்ற பொறுப்பாளர். பூச்சி அரிக்காமல், புட்டிகளில் திரவம் வற்றாமல், பெயர்ச்சீட்டுகள் தொலையாமல். பாராட்டு விழாக்கள் நடத்தத் தோன்றாத வேலை அது. ஒரு புட்டி வற்றினால் நூறாண்டுக்கு முந்தைய மலாயாக் காட்டின் ஒரு துண்டு போய்விடும். மறுபடி போய்ப் பிடித்துவர அந்தக் காடு இல்லை.

திமிங்கிலம் மட்டும் அந்த அலைச்சலில் சேரவில்லை. 1974இல் எல்லை தாண்டிவிட்டது. அது அநியாயம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பிடிபட்டது மலாக்கா கரை. கூட்டிப் பார்த்தால் ஊருக்குத் திரும்பியதாகத்தான் கணக்கு. 1892இல் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே நிர்வாகம், அதனால் கோடு தெரியாமல் வந்தது. கோடு போட்ட பிறகு திரும்பிப் போனது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், அந்த நீரிணையே வறண்ட நிலம். சுமத்ரா, மலாயா, போர்னியோ எல்லாம் ஒரே தரை. பனி உருகிக் கடல் ஏறிய பிறகுதான் திமிங்கிலம் வரவே அங்கே வழி கிடைத்தது.

என்னை உறுத்துவது வேறு. 1974க்குப் பின் பிறந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஒரு முழுத் தலைமுறை, நிமிர்ந்து பார்த்துப் பயப்பட ஒரு திமிங்கிலம் இல்லாமலே வளர்ந்தார்கள். தங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. நம் தமிழ்ச் சூழலிலும் இதே கதைதான். மூடப்பட்ட தோட்டத்துப் பள்ளியின் வருகைப் பதிவேடு, கோவில் திருவிழா நோட்டீஸ், கையெழுத்து ஏடு, ஓர் இதழின் மூன்றே மூன்று எஞ்சிய பிரதிகள் எல்லாம் வீடு மாற்றும் நாளில் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. அவை எதற்கு உதவும் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. இந்தோஹியஸ் கிடந்த கல்லுக்கும் 30 ஆண்டுகள் பதில் இல்லை.

*

சிங்கப்பூரின் சேகரிப்புக்கு நல்ல காலம் பிறந்தது. 1998இல் ஆய்வு அருங்காட்சியகமாக உயர்ந்தது. 2009இல் அதன் சிறிய காட்சிக்கூடத்துக்கு ஒரே நாளில் திரண்டு வந்த கூட்டம், ஊருக்கு இது தேவை என்பதைக் காட்டியது. பொதுமக்களும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 4 கோடியே 60 லட்சம் வெள்ளி கொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திறந்தது. அமெரிக்காவிலிருந்து மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளை வாங்கி நிறுத்தியிருந்தார்கள். திமிங்கிலம் இல்லை.

மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவுக்கு அருகே ஒரு திமிங்கிலம் செத்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளம், வளர்ந்த பெண், எண்ணெய்த் திமிங்கிலம். சிங்கப்பூர்க் கடலில் அந்த இனம் பதிவானது அதுவே முதல்முறை. அருங்காட்சியகக் குழுவினர் அழுகும் உடலை வெட்டிப் பிரித்து, வாரக்கணக்கில் சதை நீக்கி, எலும்புகளைச் சுத்தம் செய்தார்கள். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் ஜூபி லீ என்று பெயர். 2016இல் ஜூபி லீ கூடத்தில் ஏறினாள், முக்குளிக்கும் கோலத்தில்.

அந்தக் கோலம் பொருத்தமானது. எண்ணெய்த் திமிங்கிலம் பாலூட்டிகளில் மிக ஆழம் போகும் சிலவற்றில் ஒன்று. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, இருட்டுக்குள், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்வரை இருந்து கணவாய் பிடிக்கும். நுரையீரலில் இருக்கும் காற்றை நம்பிப் போவதில்லை. அந்த அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். ஆக்சிஜன் ரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் புரதம் மிகுந்திருப்பதால் தசையே கறுப்பாகத் தெரியும். தலைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பை, ஒலியைக் குவித்து அனுப்பி எதிரொலியால் இரை தேடும் கருவி. பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களில் குடும்பமாக வாழும். ஆண்கள் வளர்ந்ததும் துருவங்களை நோக்கிப் பிரிந்துவிடும். தாய் ஆழத்துக்குப் போகும்போது, அவ்வளவு நேரம் மூச்சடக்கத் தெரியாத குட்டியை மேலே மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்ளும். பாட்டி, சித்தி, அத்தை என்று ஒரு வீடு.

அப்படிப்பட்டவள் சில பத்து மீட்டர் ஆழமே உள்ள நம் நீரிணையில் கிடந்தாள். முதுகில் பெரிய காயம். கப்பல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் வழிகளில் ஒன்று இது. வயிற்றைத் திறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள் இருந்தன. எந்த ஆழத்தில் எதைத் தின்றாள் என்று சொல்லும் நாட்குறிப்பு. அவற்றோடு பிளாஸ்டிக் கோப்பை, உணவுப் பொட்டலத்தின் உறை, பிளாஸ்டிக் பை. அவையும் இப்போது சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. 1892இன் மலாக்காத் திமிங்கிலத்தின் வயிற்றை யாராவது இப்படித் திறந்து பார்த்து எடுத்து வைத்திருந்தால், இரண்டு காலத்துக் கடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அன்று எலும்பு மட்டுமே போதும் என்று தோன்றியிருக்கிறது.

பெரியம்மாவை ஜூபி லீயிடம் அழைத்துப் போனேன். பழைய திமிங்கிலம் இதைவிடப் பெரிசு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அது உண்மை. துடுப்பெலும்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கையை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு விரலாக எண்ணினார். "அட, கை!" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு சீனச் சிறுவனும் அவரைப் பார்த்துத் தன் கையை விரித்தான்.

லாபுவானுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும். 130 ஆண்டுகளைத் தாண்டிய எலும்புகள் அங்கே இருக்கின்றன. 1907இல் செய்து ஒட்டியவை எவை, செபாத்துக் கரையிலிருந்து வந்தவை எவை என்று உற்றுப் பார்க்க வேண்டும்.